இரண்டாம் அளவு

முப்பத்தொன்றாம் எண்ணின் இடது இடுப்பெலும்பு திரையில் அசையாமல் நின்றது. செலின் செய்ய வேண்டியது இரண்டே சொடுக்கு. எலும்பின் முன் நுனியில் ஒன்று, பின் நுனியில் ஒன்று. நடுவே ஒரு மஞ்சள் கோடு தானாக ஓடும், கோட்டுக்கு மேலே எண் வரும், அதைத் தாளில் எழுதிவிட்டு முப்பத்திரண்டுக்குப் போய்விடலாம். காலை ஒன்பதரையிலிருந்து முப்பது பேருக்கு இதைச் செய்தாயிற்று. முப்பது பேர் என்றுதான் அவள் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். ஆராய்ச்சி செய்கிற டாக்டர் நஸ்ரின் ‘கேஸ்’ என்பாள். தாளில் ‘மாதிரி’ என்று அச்சடித்திருக்கிறது. பிறக்காமலே போன பிள்ளைகள். எந்த வாரத்தில் இடுப்பெலும்பு எவ்வளவு நீளம் இருக்கும் என்று ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும், அது இருந்தால் வயிற்றில் வளரும் பிள்ளை சரியாக வளர்கிறதா என்று பிற்பாடு யாராவது ஒரு டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதற்குத்தான் இதெல்லாம். மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் செலின் டெக்னீஷியன். அவளுக்கு நடுங்காத கை. அதனால்தான் அளக்கிற வேலை அவளிடம் வந்தது. இடுப்பில் முதலில் எலும்பாவது மேல்பகுதிதான் என்று நஸ்ரின் சொல்லித் தந்திருந்தாள். ஒன்பதாம் வாரத்தில் குருத்தெலும்புக்குள் ஒரு புள்ளியாகத் தொடங்கும், பிறகு பனையோலை விசிறி விரிகிற மாதிரி மேலும் பக்கமுமாக விரியும். கீழே உட்காருகிற எலும்பு நாலாம் மாதம் ஒரு பயறு போலத் தெரியும். முன்பக்கத்து எலும்பு அதற்கும் பிறகு. முப்பத்தொன்றுக்கு விசிறி இருந்தது, பயறும் இருந்தது. முன்பக்கம் இன்னும் வெறும் கறுப்பு. கை சுட்டியின் மேல் இருந்தது. விரல் அழுத்தவில்லை. பதினொன்றே கால் இருக்கும். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் சத்தம் பக்கத்து அறையில் கேட்பது போல இருந்தது.

அந்த ஈயக்குண்டு விழாமல் இருந்திருந்தால். ஸ்கேன் எடுக்கும்போது இடப்பக்கம் எது என்று தெரிவதற்காக ஒரு சின்ன ஈயக்குண்டை ஒட்டி வைப்பார்கள். இந்த ஒரு படத்தில் அது விழுந்துவிட்டிருந்தது. பதினைந்து நாளுக்கு முன் முதல் அளவு எடுத்தபோது நஸ்ரின் பக்கத்தில் நின்று “இதுதான்க்கா இடது” என்று சொல்லியிருந்தாள். இன்றைக்கு இரண்டாம் அளவு. முதல் அளவைப் பார்க்காமல் அதே கை அதையே மறுபடியும் அளக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால்தான் அளந்தவரை நம்பலாம். முதல் தாள் ஒட்டிய உறைக்குள் நஸ்ரினின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நஸ்ரின் டீ குடிக்கப் போயிருந்தாள். இடது எது என்று எங்காவது குறித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் செலின் பழைய பதிவேட்டை எடுத்தாள். முப்பத்தொன்றின் ஜாடி எண் நூற்றுப் பதினெட்டு. ஆண். இருபத்திரண்டு வாரம். கல்லூரி ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு. ஜூலை இருபத்தாறு. ஏழு வருஷத்துக்கு முந்தைய ஜூலை இருபத்தாறு. ஊர்க்கோயிலில் அன்னம்மாள் திருநாள். தனக்குக் கலைந்த அதே நாளில் இன்னும் எத்தனையோ பேருக்கும் கலைந்திருக்கும் என்று அவள் நினைத்தாள், நினைத்துக்கொண்டே பச்சைக் கோப்பின் நாடாவை அவிழ்த்தாள். அதைத் திறக்க அவளுக்கு வேலையே இல்லை. பெற்றோர் சம்மதப் படிவங்கள் அதில் இருந்தன. நூற்றுப் பதினெட்டுக்கான தாளில் முதலில் கண்ணில் பட்டது பெயர் இல்லை. கையெழுத்துக்கு மேலே ஒரு சிலுவை. கடுகளவு சிலுவை, கீழ்க்கால் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. அவள் புருஷன் அமலன் எதை எழுதினாலும் முதலில் அதைப் போடுவான். கேஸ் சிலிண்டர் ரசீதில் போடுவான், மகளின் பள்ளி டைரியில் போடுவான், மளிகைச் சீட்டில் ‘துவரம்பருப்பு அரைக் கிலோ’வுக்கு மேலே போடுவான். “பருப்புக்கெல்லாம் சிலுவை போட்டா சீக்கிரம் வெந்துருமாக்கும்” என்று அவள் கிண்டல் பண்ணியிருக்கிறாள். சிலுவைக்குக் கீழே ‘செ. அமலன்’. அதற்கு எதிரே ‘தந்தை’. அவள் மூன்று தடவை படித்தாள். பிறகு தாளைச் சரியாக அடுக்கி, நாடாவைக் கட்டி, முடிச்சின் இரண்டு நுனியும் ஒரே நீளமாக இருக்கிறதா என்று பார்த்து, இழுத்துச் சரிசெய்து, திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். இதைச் செய்தது வேறு யாரோ என்பது போல இருந்தது. கத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

அவள் பிள்ளை கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறான். மேற்குச் சுவரோரம், பூவரச மரத்திலிருந்து ஏழு காலடி. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை முன்னெல்லாம் அங்கேதான் வைப்பார்களாம், அதனால் அங்கே பெயர் போட்ட கல் எதுவும் கிடையாது, அமலன் ஒரு செங்கல்லை நட்டு வைத்திருந்தான். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள் அன்று ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாக வரும். செலினும் அமலனும் மகள் ஸ்டெஃபியும் செங்கல்லுக்குப் போவார்கள். அங்கே எப்போதும் காற்று. வர்த்தி நிற்காது. அவள் இரண்டு கையையும் கூட்டிப் பிடித்து உட்கார்ந்திருப்பாள், மெழுகு உருகி விரலில் விழும், எடுக்கமாட்டாள். அந்தச் சூடு அவனுக்கும் தனக்கும் நடுவே ஏதோ ஒன்று என்று நினைத்திருக்கிறாள். ஐந்து வயது ஸ்டெஃபி தன் பங்கு பிஸ்கட்டில் ஒன்றைச் செங்கல் மேல் வைப்பாள். போன வருஷம் வைத்த பிஸ்கட்டைக் காணோமே, அண்ணன் தின்னுட்டானா என்று கேட்பாள். “பின்ன, தின்னாம இருப்பானா” என்று அமலன் சொல்வான். அவன் குரல் அப்போது எப்படி இருந்தது? எறும்பு. எறும்புதான் தின்றது. செங்கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது? மண் இருக்கிறது. அன்றைக்கு வார்டில் அவளுக்கு ஊசி போட்டிருந்தார்கள், ரத்தம் நிற்கவில்லை, கண் பாதிதான் திறந்தது. “ஆம்பளப் பிள்ளை” என்று மட்டும் நர்ஸ் சொன்னாள், “பாக்க வேண்டாம்மா, பாத்தா மறக்க முடியாது” என்றாள். அவள் பார்க்கவில்லை. மறக்கவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் அன்னம்மாள் சப்பரம் வருகிற பேண்டு வாத்தியம் கேட்டது. பொழுது சாய அமலன் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் நின்றான். அவன் காலில் செம்மண் இருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்ததனால் நம்பினாள். ஏழு வருஷமாக அவளிடம் இருந்த சாட்சி அந்தச் செம்மண் ஒன்றுதான்.

இந்த அறையில் நாலு வருஷம். இந்த வேலை கிடைத்தபோது அமலன் வேண்டாம் என்றான். அவன் எதற்கும் வேண்டாம் சொல்கிறவன் இல்லை. “பொணவாடை செலின், வேற பாப்போம்” என்றான், அப்புறம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அரசாங்க வேலையை வேண்டாம் என்கிற ஒரே புருஷன் நீங்கதான் என்று அவள் சண்டை பிடித்துச் சேர்ந்தாள். ஒவ்வொரு வருஷமும் மே மாதம் ஜாடிகளில் ஃபார்மலின் மாற்ற வேண்டும். மூடியைத் திறந்ததும் கண் எரிந்து தண்ணீர் கொட்டும். அவள் புறங்கையால் துடைத்துக்கொண்டே அடுத்த ஜாடிக்குப் போவாள். நூற்றுப் பதினெட்டு மூன்றாம் அடுக்கில், தூணுக்குப் பக்கம். அதன் மூடி சற்று இறுக்கம், துணி சுற்றித் திருக வேண்டும். அதுகூட அவளுக்குத் தெரியும். மூடி இறுக்கம் என்று தெரிந்திருக்கிறது. நாலு மே மாதம் அவள் அவன் முன்னால் அழுதிருக்கிறாள், மருந்து எரிச்சலில். ஸ்கேனுக்குக் கொண்டுபோனபோது லிஃப்ட் வேலை செய்யவில்லை, எட்டு எட்டாகத் தட்டில் வைத்து, மேலே வெள்ளைத் துண்டைப் போட்டு, சாய்தளத்தில் நடந்தே போனார்கள். நஸ்ரின் முன்னால் இன்னொரு தட்டைத் தூக்கிக்கொண்டு, “யாராச்சும் பாத்தா நிச்சயதார்த்தத் தட்டுன்னு நெனச்சுக்குவாங்க அக்கா” என்றாள். செலின் சிரித்தாள். தட்டு ஆடியது. அந்தத் தட்டில் அவன் இருந்தானா, அல்லது அடுத்த நடையிலா? எந்த நடையில் என்று தெரிந்துவிட்டால் எதுவோ சரியாகிவிடும் என்பது போல அவள் நினைவைத் தடவித் தடவிப் பார்த்தாள். பின்பாதி எண்கள் நஸ்ரின் தட்டில், அவள் தட்டில் முதல் நடையில் ஒன்றிலிருந்து எட்டு. இரண்டாவதில் பதினாறு வரை. மூன்றாவதில் இருபத்திநாலு. நாலாவது நடை. நாலாவது நடையில் அவளுக்குக் கை வலித்தது, சாய்தளத்தின் திருப்பத்தில் தட்டைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றாள், ‘சீக்கிரம் முடிஞ்சாத் தேவலை’ என்று நினைத்தாள். அவனை வயிற்றில் தூக்கியது ஐந்து மாதம். அதற்கு மேல் ஒரு சாய்தளம்.

அதைவிடப் பயமாக இருந்தது வேறொன்று. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பெற்ற வயிறு சொல்லும், ரத்தம் இழுக்கும் என்றெல்லாம் பேசுவார்களே, ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் இழுக்கவில்லை. பதினைந்து நாளுக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே எலும்பின் இரண்டு நுனியிலும் புள்ளி வைத்தாள். அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தாள்? சீலா மீன் வாங்குவதா, நெத்திலியே போதுமா என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அன்றைக்குக் கடைசியில் இரண்டும் வாங்கவில்லை. ஒரு மாதத்தில் அறுபது பேரையும் அளந்து முடித்தால் நஸ்ரின் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள். முப்பத்தொன்று மற்றவர்களைப் போலத்தான் இருந்தான். ஒரு தனி வெளிச்சமும் இல்லை. கறுப்பில் ஒரு வெள்ளை விசிறி. இப்போது அதே படம்தான், ஒரு புள்ளிகூட மாறவில்லை, பதிவேட்டைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் முப்பத்தெட்டில் இருப்பாள். திறக்காமல் இருந்திருக்கலாம். இனியும் திறக்காதது போல இருந்துவிடலாம். நாடாவைத்தான் கட்டியாயிற்றே. இரண்டு சொடுக்கு, ஓர் எண், அவ்வளவுதான். நவம்பரில் செங்கல்லுக்குப் போகலாம். ஸ்டெஃபி பிஸ்கட் வைக்கட்டும். மே மாதம் மூடியில் துணி சுற்றித் திருகலாம். முடியுமா? இங்கே மே மாதம், அங்கே நவம்பர். எந்தக் கையால் வர்த்தியைப் பிடிப்பது? அவள் தன் கையைப் பார்த்தாள். அது நடுங்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

போனை எடுத்தது எப்போது என்று தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தது. அமலன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், இந்த நேரத்தில் நிறுத்தத்தில் சும்மா இருப்பான். “என்ன செலின், இந்நேரத்துல? டிபன் டப்பாவை மாத்திக் குடுத்துட்டியா? ஸ்டெஃபி இன்னைக்கு ஒன் புளியோதரையத் திங்கணும், அவ்வளவுதானே” என்று சிரித்தான். பின்னால் யாரோ டிரைவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள், “அன்னைக்குக் குழி யாருங்க வெட்டுனா?” என்று கேட்டாள். எந்த நாள் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். எந்தக் குழி என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டும் கேட்கவில்லை. டிரைவர்களின் பேச்சு மெல்ல மெல்லத் தூரமாயிற்று, அவன் நடந்து விலகிப் போகிறான் என்று தெரிந்தது. “யாரு என்ன சொன்னா?” என்றான். “யாரும் சொல்லல. ஒங்க சிலுவையப் பாத்தேன்.” வேன் கதவைத் திறந்து அவன் ஏறி உட்கார்வது கேட்டது. பிறகு, “கல்லறைத் தோட்டத்துக் கேட்டு பூட்டிக் கெடந்துச்சு செலின்” என்றான். “சாவி வச்சிருக்கவரு சப்பரத்தோட போயிட்டாரு. கோயிலுக்கு ஓடுனேன், எல்லாரும் தெருவுல நிக்காவ, எந்தத் தெருன்னு தெரியல. துண்டுல சுத்தி வச்சிருந்தேன். வெயிலு. மறுபடியும் கேட்டுக்கு வந்தேன். சுவர் ஏறிக் குதிக்கலாம்னு பாத்தேன், அவனைக் கையில வச்சுக்கிட்டு எப்படிக் குதிப்பேன்? கீழ வச்சுட்டும் ஏற முடியல. திரும்ப ஆஸ்பத்திரிக்கே வந்துட்டேன். அந்த டாக்டரம்மா, ‘நாலு பிள்ளையளுக்கு உதவும்ப்பா’ன்னு ஒரு பேப்பரக் குடுத்தாவ.” அவன் நிறுத்தினான். “ஒங்கிட்டச் சொல்லணும்னு மறுநாளே நெனச்சேன். நீ என் காலப் பாத்துக்கிட்டே கெடந்த.” அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். “நீ அங்க வேலைக்குச் சேந்த நாள்லருந்து, சாயங்காலம் நீ வீட்டுக்குள்ள வரும்போதெல்லாம் ஒம்மூஞ்சியத்தான் பாப்பேன் செலின், தெரிஞ்சிட்டான்னு.” போனை அவள் வைத்தாளா அவனா, தெரியவில்லை. காது சூடாக இருந்தது.

எலும்பு எங்கே முடிகிறது என்பது அப்படியொன்றும் எளிதில்லை. வெள்ளை திடீரென்று நின்றுவிடாது. ஓரத்தில் ஒரு மயிரிழை அளவுக்குச் சாம்பல், அதற்கப்புறம்தான் கறுப்பு. அந்தச் சாம்பல் இன்னும் எலும்பாகாதது, ஆகப்போவது. வெள்ளை முடிகிற இடத்தில் நிறுத்த வேண்டும், சாம்பலுக்குள் போகக் கூடாது, ஆசைப்படக் கூடாது என்று நஸ்ரின் முதல் நாளே சொன்னாள். ‘ஆசைப்படக் கூடாது’ என்ற சொல்லைத்தான் சொன்னாள். செலின் அதைத் தொண்ணூறு தடவை கடைப்பிடித்திருக்கிறாள். இப்போது படத்தைப் பெரிதாக்கினாள். விசிறி திரையை அடைத்தது. அதற்குள் மெல்லிய வரிகள், நடுப்புள்ளியிலிருந்து வெளியே பாய்கிற வரிகள், ஒவ்வொன்றும் ஒரு நாள், ஒரு வாரம். இது அவள் மாங்காய் கேட்டு அமலனைச் சந்தை சந்தையாக அலையவிட்ட வாரமாக இருக்கும். இது படியில் வழுக்கி உட்கார்ந்து பயந்த வாரம். கடைசி வரி அன்னம்மாள் கொடியேற்றம். அவள் சாப்பிட்ட ராகியும் முருங்கைக்கீரையும் இங்கேதான் வந்திருக்கிறது, இங்கே வந்து வெள்ளையாகி நின்றிருக்கிறது. நிற்காமல் இருந்திருந்தால் இந்தச் சாம்பல் அடுத்த வாரம் வெள்ளையாகியிருக்கும். இதன் மேல் அவன் உட்கார்ந்திருப்பான், நின்றிருப்பான், இந்த ஜூனில் இரண்டாம் வகுப்புக்கு நடந்திருப்பான். அவள் முன் நுனியில் சொடுக்கினாள். பின் நுனிக்கு மெதுவாகப் போனாள். வெள்ளை முடிகிற இடம் தெரிந்தது. மிக நன்றாகத் தெரிந்தது. விரல் அங்கே அழுத்தவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் அழுத்தியது. மஞ்சள் கோடு ஓடியது. பதினேழு புள்ளி ஒன்று மில்லிமீட்டர். அவள் பேனாவை எடுத்துத் தாளில் எழுதினாள்.

கதவை முதுகால் தள்ளிக்கொண்டு நஸ்ரின் வந்தாள். கையில் இரண்டு டீ. “ஆறிப்போச்சுன்னு சொல்லாதீங்க அக்கா, அவங்க குடுக்கும்போதே ஆறித்தான் இருந்துச்சு. எத்தனையில நிக்கிறோம்? முப்பத்தொண்ணா! நான் போகும்போதும் அதுதானே? ஒக்காந்தே தூங்கிட்டீங்களா?”

டீயை மேசையில் வைத்துவிட்டுத் தாளை எட்டிப் பார்த்தாள். பதினேழு புள்ளி ஒன்றைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது. இழுப்பறையிலிருந்து உறையை எடுத்து ஓரத்தைக் கிழித்தாள். அறுபதும் முடிகிற வரை அதைத் திறக்கக் கூடாது என்பது அவளே போட்ட விதி.

“முன்னாடி பதினாறு நாலு. பாயின்ட் ஏழு தள்ளியிருக்கீங்க. பாயின்ட் ரெண்டுக்கு மேல ஒங்க கை மாறினதே இல்லையே அக்கா. என்ன, பதினஞ்சு நாள்ல வளந்துட்டானா?” என்று சிரித்தாள். “அடிச்சுட்டு இன்னொரு தடவை அளந்துருங்க. எங்க கைடு மேடம் பாத்தா என்னைத்தான் கேப்பாங்க.”

வளர்ந்துவிட்டான். செலினுக்கும் சிரிப்பு வந்தது. நஸ்ரின் பேனாவை எடுத்து அந்த எண்ணின் மேல் கோடு போடக் குனிந்தாள். செலின் தன் உள்ளங்கையை எண்ணின் மேல் வைத்தாள். காற்றுக்கு வர்த்தியை மறைக்கிற மாதிரி.

“அடிக்க வேண்டாம் டாக்டர்.”

“ஏன்க்கா?”

ஒரு கையை எடுக்காமலே மறுகையால் பச்சைக் கோப்பை இழுத்தாள். ஒற்றைக் கையால் நாடா அவிழவில்லை. நஸ்ரின்தான் அவிழ்த்தாள், எதற்கென்று தெரியாமலே. நூற்றுப் பதினெட்டாம் தாளில் அந்தக் கடுகளவு சிலுவைக்குக் கீழே செலின் விரலை வைத்தாள்.

“இது எங்க வீட்டுக்காரவ கையெழுத்து.”

நஸ்ரின் கையெழுத்தைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்காரப் போய், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டீ சிந்தியது. யாரும் துடைக்கவில்லை.

“பதினாறு நாலுதான் சரி” என்றாள் செலின். தன் குரல் இவ்வளவு தெளிவாக இருப்பது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. “அன்னைக்கு யாருன்னு தெரியாம அளந்தேன். இன்னைக்கு அளந்தது தப்பு. பக்கத்துல தப்புன்னு எழுதிக்கிடுங்க. அடிக்க மட்டும் செய்யாதீய.”

“அக்கா...”

“அவனைத் திருப்பி வாங்கணும்னா அதுக்கு எந்த ஃபார்ம், யாரு கையெழுத்துப் போடணும், அதைக் கேட்டுச் சொல்லுங்க டாக்டர்” என்றாள். “கல்லறைத் தோட்டத்துச் சாவி யாரு வீட்டுல இருக்கும்னு எனக்குத் தெரியும்.”